நான்கை விழுங்கிய ஒரு சொல்

தமிழ்நாட்டுத் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கும் அயற்சொற்களுள் 'கரண்டு' என்பதும் ஒன்று. விளக்கு மங்கி எரிந்தால் 'கரண்டு குறைவாக வருகிறது' என்கின்றனர். ஈரக் கையால் சொடுக்கியைத் தொட்டவன் துடித்து விழுந்தால் 'கரண்டு அடித்துவிட்டது' என்கின்றனர். வெந்நீர்க் கருவி வாங்கச் சென்றவர் கடைக்காரரிடம் 'இது நிறையக் கரண்டு இழுக்குமா?' என்று வினவுகிறார். கட்டணச் சீட்டு வந்தாலோ 'கரண்டு பில்லு ஏறிவிட்டது' என்று வீடே அங்கலாய்க்கிறது.

மங்கிய விளக்கில் குறைந்தது அழுத்தம். துடித்தவன் உடலிற் பாய்ந்தது ஓட்டம். வெந்நீர்க் கருவி மிகுதியாகக் கொள்வது திறன். கட்டணச் சீட்டில் எண்ணப்பட்டிருப்பது ஆற்றல். நான்கும் நான்கு வேறு அளவுகள், நான்கிற்கும் அலகு வேறு, அளக்கும் கருவி வேறு, கணக்கு வேறு. அந்நான்கையும் ஒரே சொல் விழுங்கிவிட்டு ஏப்பமிட்டுக் கொண்டிருக்கின்றது. ஐந்தாவதாகிய தடைக்கோ தெருப்பேச்சிற் பெயரே இல்லை.

இது ஆங்கிலமும் அன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். ஆங்கிலேயன் அச்சொல்லை ஓட்டம் ஒன்றற்கே ஆள்கிறான். மற்ற மூன்றிற்கும் அவனுக்குத் தனித்தனிச் சொற்கள் உள. ஆகவே 'எல்லாரும் அறிந்த ஆங்கிலச் சொல்லைத்தானே பேசுகின்றனர், அதனால் என்ன கெட்டுவிட்டது?' என்று வினவும் நடுநிலையாளர்க்கு விடை எளிது. பேசப்படுவது ஆங்கிலமாகவும் இல்லை, தமிழாகவும் இல்லை. இரண்டிற்கும் இடையே ஒரு மூடுபனி. அம்மூடுபனியில் நின்று எவரும் கணக்கிட இயலாது. பெயர் வேறுபடாத பொருள்களை மக்கள் வேறுபடுத்தி அளப்பதில்லை. அரிசிக்கும் உமிக்கும் ஒரே பெயரிட்ட நாட்டில் குற்றுவார் எவர்?

தமிழ் இவ்வைந்தையும் எவ்வாறு பிரித்து நிறுத்துகிறது என்று பார்க்க. அழுத்தம் என்பது தள்ளும் விசை. ஓட்டம் என்பது தள்ளப்பட்டு ஓடுவது. தடை என்பது ஓட்டத்தை மறித்து நிற்பது. திறன் என்பது ஒரு நொடியில் செய்து முடிக்கும் வேலையின் அளவு. ஆற்றல் என்பது அத்திறன் எவ்வளவு நேரம் செயற்பட்டது என்பதையும் சேர்த்தெண்ணிய மொத்த வேலை. இவற்றை எந்தப் பேராசிரியரும் வந்து விளக்கவேண்டுவதில்லை. ஏரி மதகைத் திறந்து வாய்க்காலில் நீர் பாய்ச்சிய உழவனுக்கு, ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தால் மடையில் அழுத்தம் மிகும் என்பதும், மடைவாய் குறுகினால் ஓட்டம் தடைப்படும் என்பதும் கைப்பட்ட அறிவு. அவன் அறிந்த அச்சொற்களே மின்னியலுக்கும் சொற்கள். (இவ்வுவமையை அளவோடு கொள்க. வாய்க்கால் உடைந்தால் நீர் வெளியே பாயும்; கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். சுற்று முழுமையுற்றாலன்றி மின் ஓடுவதில்லை.)

இனி அடிப்படை விதிக்கு வருவோர் முதற்கண் காண்பது, அது ஒரு வாக்கியமாகவே தமிழில் அமைந்துவிடுகிறது என்பதை. 'அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம்.' அழுத்தம் மிக மிக ஓட்டம் மிகும். தடை மிக மிக ஓட்டம் குறையும் என்பது அச்சொற்களுக்குள்ளேயே கிடக்கின்றது. ஓட்டத்தையும் தடையையும் பெருக்கினால் அழுத்தம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. திறனுக்கு இன்னொரு வரி போதும்: 'அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் திறன்.' அழுத்தத்திற்கு அலகு வோல்ட்டு, ஓட்டத்திற்கு ஆம்பியர், தடைக்கு ஓம், திறனுக்கு வாட்டு.

இதே பாடத்தை ஆங்கில வழிப் பள்ளியில் பயிலும் தமிழ்ச் சிறுவன் 'வி நிகர் ஐ ஆர்' என்று மனப்பாடம் செய்கிறான். 'வி' என்பதும் 'ஆர்' என்பதும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தென்று ஒருவாறு உணர்வான். 'ஐ' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ஓட்டத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து 'சி' யன்றோ? அந்த 'ஐ' பிரெஞ்சு மொழியில் ஓட்டச் செறிவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. ஆங்கிலேயன் பிரெஞ்சுக்காரனிடம் பெற்றதைத் தமிழ்ச்சிறுவன் கரணியம் அறியாமல் ஓதுகிறான். கோயிலில் பொருள் விளங்காமல் ஓதப்படுவதைக் கண்டிக்கும் பகுத்தறிவாளர்கள் வகுப்பறையில் பொருள் விளங்காமல் ஓதப்படுவதைக் கண்டிப்பதில்லை!

கணக்கின் பயனை ஒரு தேய்ப்புப்பெட்டியில் காணலாம். அதன்மேல் ஒட்டிய சீட்டு அழிந்து போயிற்று என்று கொள்க. அதன் திறன் எவ்வளவு, உள்ளிருக்கும் சுருளின் தடை எவ்வளவு என்று அறிய வேண்டும். அழுத்தமானியை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தல் வேண்டும். ஓட்டமானியைச் சுற்றினுள்ளேயே, ஓட்டம் முழுதும் அதன் வழியாகவே செல்லுமாறு, தொடராக இணைத்தல் வேண்டும். ஓட்டமானியைத் தவறிக் குறுக்கே இணைத்தவன் அதனை எரித்துவிடுவான். ஏனெனில் அதன் தடை மிகச் சிறிது. அழுத்தம் 230 வோல்ட்டு என்றும் ஓட்டம் 4.35 ஆம்பியர் என்றும் முள் காட்டுகிறது. 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் தடை ஏறத்தாழ 53 ஓம். 230-ஐ 4.35-ஆற் பெருக்கினால் திறன் ஏறத்தாழ 1000 வாட்டு. இரண்டே அளவுகளிலிருந்து மற்ற இரண்டும் கிடைத்துவிட்டன. ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் செய்யத்தக்க கணக்கு இது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். தடை எல்லாப் பொருளிலும் எந்நிலையிலும் ஒரே அளவாக நிற்பதில்லை. பழைய இழை விளக்கொன்றில் 60 வாட்டு என்று பொறித்திருந்தால், 230 வோல்ட்டில் அது கொள்ளும் ஓட்டம் 0.26 ஆம்பியர், எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 882 ஓம். எரியாத குளிர்ந்த நிலையில் அளந்தால் அதில் பத்திலொரு பங்கும் தேறாது. வெம்மை ஏற ஏற இழையின் தடையும் ஏறுகிறது. இழை விளக்குகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கையில் அறாமல், சொடுக்கியைப் போட்ட அந்நொடியிலேயே அறுந்து போனமைக்குக் கரணியம் இதுவே: தடை தாழ்ந்திருந்த அந்நொடியில் ஓட்டம் பன்மடங்கு பாய்ந்தது. இன்று வீடுகளில் மிகுந்துவிட்ட ஒளியுமிழ் விளக்குகளுக்கோ இவ்வெளிய விதி நேரே பொருந்தாது. வெப்பச்சுருள் உள்ள கருவிகளுக்கு அது பிசகாமல் பொருந்தும்.

வெப்பத்தின் கணக்கில்தான் உயிர்களும் உடைமைகளும் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு கம்பியில் தோன்றும் வெப்பம் ஓட்டத்தின் இருமடியையும் தடையையும் பொறுத்தது என்பதை இங்கிலாந்தில் சால்போர்டு என்னும் ஊரில் மதுவடிப்போர் குடும்பத்திற் பிறந்த சேம்சு பிரெசுகாட்டு சூல் 1841-இல் வெளியிட்டார். இருமடி என்னும் அச்சொல்லை உற்று நோக்குக. ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை; நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

5 ஆம்பியருக்கென்று அமைந்த விளக்குச் சுற்று ஒன்றில் 2000 வாட்டு வெந்நீர்க் கருவியையும் 1000 வாட்டுத் தேய்ப்புப்பெட்டியையும் ஒருவர் ஒருங்கே மாட்டுகிறார். மொத்தத் திறன் 3000 வாட்டு. 230-ஆல் வகுத்தால் ஓட்டம் 13 ஆம்பியர். உருகி தன் கடமையைச் செய்து உருகிவிடுகிறது. வீட்டுக்காரர் என் செய்கிறார்? 'பியூசு போய்விட்டது' என்று சொல்லிக்கொண்டு, கைக்குக் கிடைத்த செம்புக்கம்பி இழைகள் நான்கைந்தை முறுக்கி உருகியின் இடத்திற் கட்டிவிடுகிறார். இப்பொழுது உருகி உருகாது. சுவருக்குள் ஓடும் கம்பிதான் வேகும். 13-ஐ 5-ஆல் வகுத்து இருமடியாக்கினால், அமைப்பாளர் எண்ணிய வெப்பத்தினும் ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பம் அக்கம்பியில் தோன்றுகிறது. மேலுறை இளகி, கூரை பற்றிக்கொண்ட பின்னர் 'மின்கசிவால் தீ' என்று நாளிதழ்கள் எழுதும். கசிந்தது மின் அன்று. கணக்கறிவே கசிந்து போயிற்று.

திருமணப் பந்தல்களிலும் இதே கதை. பந்தல் விளக்குகளுக்கும் சமையற் கருவிகளுக்குமாக 10 ஆம்பியர் ஓட்டத்தை 50 மீட்டர் தொலைவிற்கு மெல்லிய கம்பியில் கொண்டு செல்கின்றனர். போகவும் வரவுமாகக் கம்பியின் நீளம் 100 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக்கம்பியில் அந்நீளத்திற்குத் தடை ஏறத்தாழ 1.72 ஓம். பத்தாற் பெருக்கினால் 17.2 வோல்ட்டு அழுத்தம் வழியிலேயே வீழ்ந்துவிடுகிறது. மேலும் பத்தாற் பெருக்கினால் 172 வாட்டுத் திறன் கம்பியைச் சூடேற்றுவதிலேயே வீணாகிறது. கம்பியின் பருமனை இரண்டரை மடங்காக்கினால் தடையும் இழப்பும் இரண்டரையில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கம்பிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில உருவாக்களை மிச்சப்படுத்தக் கருதி, ஓலைப்பந்தலுக்கடியில் அடுப்பொன்று மூட்டி வைக்கப்படுகிறது.

உழவர்களின் துன்பத்திற்கு வருவோம். கோடையில் சிற்றூர்களில் அழுத்தம் தாழ்வது பழங்கதை. 230 வோல்ட்டு இருக்கவேண்டிய இடத்தில் 184 வோல்ட்டே கிட்டுகிறது என்று கொண்டால், அது ஐந்தில் ஒரு பங்குக் குறைவு. வெந்நீர்க் கருவி இதனால் கெடுவதில்லை. அதன் தடை மாறாது. ஓட்டமும் ஐந்திலொரு பங்கு குறையும். திறன் இருமடிக் கணக்கில் 2000 வாட்டிலிருந்து 1280 வாட்டாகத் தாழும். அரைமணியில் கொதிக்கவேண்டிய நீர் ஏறத்தாழ 47 மணித்துளிகளில் கொதிக்கும். அதனாற் கட்டணம் குறையும் என்று மகிழ்வார் ஏமாறுவர். குறைந்த திறன் நெடுநேரம் செயற்பட்டு ஆற்றலின் மொத்தத்தை ஏறத்தாழ நிகராக்கிவிடும்.

கிணற்றடியில் நீரிறைக்கும் மின்னோடியின் நிலையோ நேர்மாறானது. கிணற்றின் ஆழம் அழுத்தத்தைப் பார்த்துக் குறைவதில்லை. மேலேற்ற வேண்டிய நீரும் அதே. வேண்டிய திறனும் ஏறத்தாழ அதே. அழுத்தம் குறைந்தாலும் பெருக்கற்பயன் மாறலாகாதெனில் ஓட்டம் மிகுந்தே தீரும். அழுத்தம் ஐந்தில் நான்காகத் தாழ்ந்தால் ஓட்டம் நான்கில் ஐந்தாக, அஃதாவது ஒன்றேகால் மடங்காக ஏறும்; சுருளில் தோன்றும் வெப்பம் அதன் இருமடியாக, ஒன்றரை மடங்கிற்கும் மேலாக ஏறும். (மின்னோடியில் திறனைச் செப்பமாகக் கணக்கிட, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கியதோடு ஒன்றினும் சிறிய திறன்கூறு ஒன்றாலும் பெருக்கவேண்டும் என்பதைக் கற்றோர் அறிவர், ஈண்டைக்கு இத்துணை போதும்.) சுருள் கருகுகிறது. உழவன் 'கரண்டு கம்மியாக வந்து மோட்டார் எரிந்துபோயிற்று' என்கிறான். குறைவாக வந்த ஒன்று எவ்வாறு எரிக்கும் என்று அவனும் கேட்பதில்லை. அவனுக்கு எவரும் சொல்வதுமில்லை. குறைந்தது அழுத்தம், அதனால் மிகுந்தது ஓட்டம் என்னும் இரு சொற்கள் அவனிடம் இருந்திருப்பின், அழுத்தம் தாழ்ந்த வேளையில் மின்னோடியை ஓட்டலாகாது என்பது அவனுக்கே விளங்கியிருக்கும். ஒரு மின்னோடிக்குச் சுருள் மாற்றிக் கட்டும் செலவு ஏழை உழவனின் ஒரு போகத்து மிச்சம்.

எல்லாவற்றினும் கொடியது உயிரிழப்பு. மாந்த உடலும் ஒரு தடையே. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடலின் தடை ஓராயிரம் ஓம் அளவிற்குத் தாழ்ந்துவிடக் கூடும். 230-ஐ ஆயிரத்தால் வகுக்க: 0.23 ஆம்பியர். ஓர் ஆம்பியரில் நூற்றிலிரண்டு மூன்று பங்கே கையின் தசையை இறுக்கிப் பற்றிய கம்பியை விடவொட்டாமற் செய்யப் போதுமானது. பத்தில் ஒரு பங்கு சில நொடிகள் பாய்ந்தால் நெஞ்சத் துடிப்பு நிலைகுலையும். முன்னர்க் கூறிய 60 வாட்டு விளக்கின் ஓட்டம் எவ்வளவு? 0.26 ஆம்பியர். ஒரு சிறு விளக்கை எரிக்கும் ஓட்டம் ஓர் ஆளைச் சாய்த்துவிடும். வீட்டில் பொருத்தும் கசிவுத் துண்டிப்பிகள் 0.03 ஆம்பியரிலேயே சுற்றைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுவது இக்கணக்கைப் பற்றித்தான். 'கொஞ்சம் கரண்டுதானே' என்று ஈரக் கையோடு நீட்டுகிறவனுக்கு அந்தக் 'கொஞ்சம்' எத்துணை என்று சொல்ல அவன் பேசும் கலவைமொழியில் வழியில்லை.

இவ்விதியைக் கண்டவரின் வரலாற்றைத் தமிழர் அறிதல் நன்று. சியார்சு சைமன் ஓம் என்பார் 1789-இல் செருமானிய நாட்டு எர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளர். தாமே முயன்று கற்றுத் தம் மக்களுக்கு வீட்டிலேயே கணக்குக் கற்பித்தவர். ஓம் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்துகொண்டே ஆய்வு செய்தார். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாமையால், வெப்பமுனை ஒன்று கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் அமைந்த வெப்ப மின்னிணையை ஆண்டு, நீளம் வேறுபட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். 1826-இல் அளவைகளும், 1827-இல் பெர்லினில் நூலும் வெளிவந்தன. அந்நூலை அவர் எம்மொழியில் எழுதினார்? இலத்தீனிலன்று, பிரெஞ்சிலுமன்று. பூட்டுத் தொழிலாளர் மகன் தன் தாய்மொழியாகிய செருமானியத்திலேயே எழுதினார். தொடக்கத்தில் அவர் நாட்டினரே அதனைப் போற்றவில்லை; அவர் கொலோன் பணியையும் விட்டார். இங்கிலாந்தின் அரசுக் கழகம் 1841-இல் அவருக்குக் கோப்லே பதக்கம் அளித்தது. அதே ஆண்டில் அந்நூல் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டது. ஆங்கிலேயர் செருமானியத்திலிருந்து மொழிபெயர்த்துக் கற்றனர். 'செருமானியத்திற் கற்பித்தால்தான் அறிவியல் வரும்' என்று அவர்கள் தம் பள்ளிகளை மாற்றிக்கொண்டாரிலர்.

இன்றும் செருமானியச் சிறுவன் மின்னோட்டத்திற்கு ஆளும் சொல், ஆற்றின் பெருக்கைக் குறிக்கும் சொல்லே. தடைக்கு அவன் ஆளும் சொல்லின் பொருள் 'எதிர்நிற்றல்'. அழுத்தத்திற்கு அவன் ஆளும் சொல் வில்நாணின் இழுவிறைப்பைக் குறிப்பது. ஓம் ஆய்ந்த நாட்டிலேயே உழவனும் தச்சனும் பேசும் சொற்கள்தாம் மின்னியற் சொற்கள். தமிழில் அவ்வாறு செய்தால் மட்டும் 'பண்டிதத் தமிழ்' என்று எள்ளுகிறார்கள்!

இன்னொரு செய்தியும் இதனோடு எண்ணத்தக்கது. ஓமிற்கு நாற்பத்தைந்தாண்டுகளுக்கு முன்பே, 1781-அளவில், இங்கிலாந்தின் பெருஞ்செல்வரான என்றி காவெண்டிசு ஓட்டத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள இத்தொடர்பைக் கண்டிருந்தார். ஓட்டமானி இல்லாத அக்காலத்தில் தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியின் அளவையே அளவுகோலாகக் கொண்டார். ஆயினும் அவர் அதனை வெளியிட்டாரிலர். மேக்சுவெல் அக்குறிப்புகளைத் திரட்டி 1879-இல் பதிப்பித்த பின்னரே உலகம் அறிந்தது. அதற்குள் விதிக்குப் பூட்டுத் தொழிலாளர் மகனின் பெயர் நிலைத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த அறிவால் ஒரு தலைமுறைக்கும் பயனில்லை. தமிழ்நாட்டு மின்பணியாளர் பல்லாயிரவரைப் பொறுத்தமட்டில், ஆங்கில நூலுக்குள் இருக்கும் மின்னியல் காவெண்டிசின் பெட்டிக்குள் இருந்ததைப் போன்றதே.

தமிழியக்கத்தார்க்கும் ஈண்டு ஒரு சொல் உரியது. அது கசப்பாயினும் கேட்கத்தக்கது. சொல்லாக்கத்தில் தமிழ் பின்தங்கவில்லை. 1916-ஆம் ஆண்டிலேயே, மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்திய அவ்வாண்டிலேயே, சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழிற் காண்பதற்கென்று ஒரு கழகம் தோன்றிற்று. பொறியாளரான பா.வே. மாணிக்க நாயக்கர் தம் வாழ்நாளைத் தமிழ்க் கலைச்சொற்களுக்கு ஈந்தார். அதன்பின் வெளிவந்த சொற்பட்டிகள் அடுக்கினால் ஆளுயரம் வரும். குறை சொல்லில் இல்லை; சொல்லை வைத்துக் கணக்கிடாமையில் இருக்கிறது. மின்தடை என்னும் சொல்லை மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் உருகி போனால் 'கரண்டு மேசுதிரியைக் கூப்பிடு' என்பார் எத்துணைப் பேர்! மேலும் நாளிதழ்களின் கூத்தைப் பார்க்க: மின்வழங்கல் நின்றுபோவதற்கு 'மின்தடை' என்று எழுதுகின்றனர். அது மின்நிறுத்தம், தடை அன்று. அயற்சொல்லின் குழப்பத்தைத் தூய தமிழ்ச்சொல்லிலும் புகுத்திவிட்டால் தூய்மையால் வந்த பயன் யாது? தடை என்பது ஓமில் அளக்கப்படும் ஓர் அளவுக்குரிய பெயர். அதனைக் காத்தல் தமிழ்க் காப்பே.

திறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேற்றுமையையும் அவ்வாறே காத்தல் வேண்டும். 1000 வாட்டுக் கருவி ஒருமணி நேரம் செயற்பட்டால் ஓர் அலகு ஆற்றல்; 2000 வாட்டுக் கருவி அரைமணி செயற்பட்டாலும் அதே ஓர் அலகு. கட்டணச் சீட்டில் எண்ணப்படுவது இவ்வலகே. ஈழத்தமிழர் தம் பாடநூல்களில் திறனை 'வலு' என்பர். சொடுக்கியை 'ஆளி' என்பர். இரண்டும் நல்ல சொற்கள். 'ஆளி' சொடுக்கியினும் அழகிது என்றே சொல்லலாம். கடல் ஒன்று இடையிட்டதனால் சொல் இரண்டாயிற்று. இருநாட்டு ஆசிரியரும் ஒருங்கமர்ந்து முடிவு காணற்பாலது. ஆனால் ஈழத்தில் பல்கலைக்கழகத்திற்குப் புகும் தேர்வு வரையிலும் இயற்பியலைத் தமிழிலேயே கற்று எழுதுகின்றனர். அங்கு முடிந்தது இங்கு முடியாதென்பார், முடியாமைக்குக் கரணியம் மொழியில் இல்லை என்பதைத் தாமே மெய்ப்பிக்கின்றனர். தமிழ்நாட்டிலோ அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கப்பட்டபோது இடம்பெற்ற துறைகள் கட்டுமானமும் எந்திரமும். வீடுதோறும் புகுந்து உயிரோடு விளையாடும் மின்னியலுக்கு அவ்வரிசையில் இடமில்லை.

அலகுப் பெயர்களையும் தமிழாக்க வேண்டும் என்று அன்பர் சிலர் வாதிடுகின்றனர். அது வேண்டா. ஓம், வோல்ட்டா, ஆம்பியர், வாட்டு என்பன மாந்தரின் இயற்பெயர்கள். வள்ளுவரை மொழிபெயர்ப்பார் உண்டோ? தமிழ் ஒலிக்கேற்ப எழுதினால் அமையும். ஈழத்துப் பழம் பாடநூல்கள் 'உவோற்று' என்றும் 'உவாற்று' என்றும் எழுதிய நுட்பம் பாராட்டத்தக்கது. குறியெழுத்துகளைப் பொறுத்தும் வீண்வழக்கு வேண்டா. உயர்வகுப்பில் உலகம் ஆளும் குறிகளையே ஆளலாம். சப்பானியரும் சீனரும் அவ்வாறே தம் மொழிநூல்களில் ஆள்கின்றனர். ஆயின் முதன்முதலாக விதியைக் கற்கும் வகுப்பில், குறிகள் வருமுன் சொற்கள் வரவேண்டும். 'அழுத்தம், ஓட்டம், தடை' என்று மூன்று சொற்களால் ஓராண்டு கணக்கிட்ட மாணவன் பின்னர் எந்தக் குறியைக் கண்டும் மயங்கான்.

கோவையைச் சுற்றிலும் நீரேற்றும் மின்னோடிகள் செய்யப்படுகின்றன. செய்வோர் தமிழர், வாங்குவோர் தமிழ் உழவர், பழுது பார்ப்போர் தமிழ்ப் பணியாளர். அம்மின்னோடியின் மேற் பொருத்திய தகட்டில் மட்டும் பெரும்பாலும் ஒரு தமிழெழுத்தும் இல்லை. அத்தகடு முழுதும் அளவுகளே: எவ்வழுத்தத்தில் ஓட்டவேண்டும், முழுச்சுமையில் எவ்வளவு ஓட்டம் கொள்ளும், திறன் எத்துணை என்பன. உழவனுக்கு வேண்டிய அறிவு அனைத்தும் அவன் கிணற்றடியிலேயே, அவன் படிக்க இயலாத எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்தகட்டில் 'அழுத்தம் – வோல்ட்டு, ஓட்டம் – ஆம்பியர், திறன் – வாட்டு' என்று மூன்று வரிகளைத் தமிழிற் பொறிக்கவும், அவற்றின்கீழ் 'அழுத்தம் இவ்வளவிற்குத் தாழ்ந்தால் ஓட்டாதீர்' என்று நான்காவது வரியொன்றைச் சேர்க்கவும் அரசு ஓராணை இட்டாற் போதும். புதிய தகடு அடிக்கவேண்டுவதில்லை. அடிக்கிற தகட்டிலேயே இடம் இருக்கிறது.